நாற்பத்தாறு கிலோ

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் முட்டியைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் நலம். உன் உடம்பு எப்படி? போனில் பேசினால் நாலாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது, கடிதமே மேல் என்று சொன்னவன் நீதான். சொன்னவன் இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குளிர்கிடங்கில் மீனோடு சேர்ந்து உன் கையும் உறைந்துவிட்டதா?

விஷயம் இதுதான். இளையோர் மல்யுத்தப் போட்டி ஏப்ரலில் நம் ஊரில் நடக்கப் போகிறது. பேருந்துகூட நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துப் போகிற ஊருக்குப் பதினெட்டு அணிகள் வரப் போகின்றன. பயிற்சிக்கூடத்துக்குப் புதுக் கூரை, புது விரிப்பு, கழிவறைக்குக் கதவு. இத்தனை வருடம் பெண் பிள்ளைகள் கேட்டும் வராத கதவு, விருந்தாளி வருகிறான் என்றதும் இரண்டே நாளில் வந்துவிட்டது. அச்சகக்காரர்தான் போட்டிக் குழுவின் செயலாளர். நெஞ்சை நிமிர்த்தி நடந்து சட்டைப் பொத்தானைத் தெறிக்க விடுகிறார், அதையும் நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். தொண்டர்களுக்கான அறுபது மேலங்கிகளும் என் கடைக்கே வந்திருக்கின்றன. அத்தான் லாரியில் ஏறினால் பத்து நாள் திரும்புவதில்லை. தையல், வீடு, ஊர்ப் பெருமை எல்லாம் என் தலையில்.

உன் அக்கா பெற்ற பூசணியும் அணியில் இருக்கிறாள். ஐம்பது கிலோவுக்கு வேறு பெண் இருக்கிறாள், நாற்பத்தாறுக்கு ஆள் இல்லை. போட்டியை நடத்துகிற ஊர் ஓர் எடையைக் காலியாக விட்டால் மானம் போய்விடுமாம். இவள் நாற்பத்தொன்பதரை. "இறங்குறியா?" என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறாள். பதினான்கு வயதில் அவ்வளவு திமிர்.

ஆனால் பூரித்துப் போயிருக்கிறாள், அதையும் சொல்ல வேண்டும். நீ வா. இந்த ஊரில் பதக்கம் வாங்கிய ஒரே ஆள் நீ. மூன்று வருடமாக முகம் காட்டாததற்கு இதைவிட நல்ல பரிகாரம் கிடைக்காது.

இப்படிக்கு, கோபம் குறையாத
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முட்டிக்கு என் அனுதாபம், அத்தானுக்கு அதைவிட அதிக அனுதாபம்.

நம் ஊரிலா! கிடங்கில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டேன். மேற்பார்வையாளர் "உங்க ஊர் எங்கே இருக்கு?" என்று கேட்டார். இனிமேல் அப்படிக் கேட்க மாட்டார்கள். நான் பயிற்சி எடுத்தபோது விரிப்புக்கு அடியில் சாக்குதான் இருந்தது. புது விரிப்பு என்று நீ எழுதிய வரியைக் கிடங்கில் உரக்கப் படித்துக் காட்டினேன்.

விடுமுறை கிடைக்கவில்லை, அக்கா. கேட்டுப் பார்த்தேன். கோபப்படாதே.

பூசணியைப் பற்றிக் கவலைப்படாதே. மூன்றரை கிலோ என்பது பெரிய விஷயமில்லை. மல்யுத்தத்தில் எல்லாரும் செய்வதுதான். மாஸ்டர் அனுபவசாலி. அவளை அவள் போக்கில் விடு.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதத்தான் ஆசை. கையெல்லாம் ஊசிக் குத்து, காதெல்லாம் ஊர்ப் பேச்சு. நீ எப்படி இருக்கிறாய்? "நன்றாக" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதே, நான் உனக்கு அக்கா, வருகைப் பதிவேடு இல்லை.

விடுமுறை கிடைக்கவில்லையாம். மூன்று வருடமாக ஒரு மனிதனுக்கு நாலு நாள் தராத முதலாளி எங்கே இருக்கிறான்? பெயரைச் சொல், நானே அவனுக்கு எழுதுகிறேன்.

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். அச்சக வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறார்கள். மேலே, போட்டிக்கு இன்னும் எத்தனை நாள் என்ற கணக்கு. கீழே பூசணியின் எடை. ஒவ்வொரு மாலையும் தராசில் நிற்க வைத்துப் பார்த்து, சாக்கட்டியால் எழுதுகிறார்கள். அந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன், எனக்கே கூசுகிறது. இறைச்சிக் கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு "இன்னைக்கு எவ்வளவு இறங்குச்சு?" என்று என்னைக் கேட்கிறார். மருந்துக் கடையில் கேட்கிறார்கள். அவள் பள்ளிக்கூட வாத்தியார் வகுப்பில் கேட்கிறாராம். ஒரு பெண் பிள்ளையின் எடையைக் கேட்க நீங்கள் யார் என்று ஒருவரையாவது அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. சிரித்துவிட்டு வந்தேன். எல்லாரும் நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்களே என்று ஒரு கர்வம். அதையும் மறைக்கப் போவதில்லை.

வீட்டில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் முட்டை அவித்தால் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளுகிறாள். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறாள். நேற்று "பூசணின்னு கூப்பிடாதே" என்று கத்தினாள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தப் பெயர்தான்.

போட்டி உடுப்பு தொளதொளவென்று இருக்கிறது என்று கொண்டுவந்தாள். இடுப்பில் ஒன்றரை அங்குலம் பிடித்துக் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. என் தையலை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்படிக்கு,
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமே. இரவு வேலை அதிகம், அவ்வளவுதான்.

கரும்பலகையைப் பெரிதுபடுத்தாதே. ஊர் சந்தோஷப்படுகிறது, படட்டும். நம்மைப் போன்ற ஊருக்கு இப்படி ஒரு நாள் எப்போது வரும்? எல்லாக் கண்ணும் தன்மேல் இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பலம் வரும் தெரியுமா? எனக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு கிலோ நூறு கிராம்தானே. ஆறு வாரம் இருக்கிறது. கடைசி வாரத்தில் தானாக இறங்கிவிடும். எரிந்து விழுவது பசியால்தான், போட்டி முடிந்ததும் சரியாகிவிடும். நீயும் எதிரே உட்கார்ந்து வறுத்ததும் பொரித்ததும் சாப்பிடாதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

நான் நலம், நீ நலமா என்பதெல்லாம் பிறகு.

இரண்டு கிலோ நூறு கிராம் என்று உனக்கு யார் சொன்னது? நான் எழுதவில்லை. என் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். மாஸ்டர் உனக்கு எழுதுகிறாரா?

சனிக்கிழமை, துணியில் கோடு போடுகிற மாவுக்கட்டி வாங்கக் கடைக்குப் போனேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. மைதானத்தில் ஒருத்தி கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடுகிறாள். எந்தப் பைத்தியம் என்று பார்த்தால், நான் பெற்ற பைத்தியம். கம்பளிக்கு உள்ளே அத்தானின் பிளாஸ்டிக் மழைக்கோட்டு. பிடித்து இழுத்தேன். கோட்டுக்குள்ளிருந்து வியர்வை என் காலில் கொட்டியது. "எல்லாரும் செய்றதுதாம்மா, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். உதடு வெடித்து ரத்தம் கட்டியிருக்கிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. இரண்டு மாதமாக அவள் தூரம் ஆகவில்லை. கேட்டால் "நல்லதுதானே" என்கிறாள்.

மாஸ்டரிடம் போய்க் கத்தினேன். "அக்கா, உங்க தம்பி எப்படிப் பதக்கம் வாங்கினான்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார். நேரே வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

அதனால் உன்னைக் கேட்கிறேன். நீ இப்படியெல்லாம் செய்தாயா? செய்தால் என்ன ஆகும்? எனக்குத் துணி தெரியும், இது தெரியாது. உனக்குத் தெரியும். நிறுத்து என்று நீ ஒரு வார்த்தை எழுது, அன்றைக்கே நிறுத்துகிறேன். ஊர் என்னை என்ன சொன்னாலும் சரி. உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், வேலை நெருக்கடி.

இவ்வளவு தூரம் வந்த பிறகு நிறுத்தினால் அவள் மனம் உடைந்துவிடும். வாழ்நாள் முழுக்க உன்னை மன்னிக்க மாட்டாள். இன்னும் பத்தே நாள். பல்லைக் கடித்துக்கொள். எடை பார்த்து முடித்ததும் நன்றாகச் சாப்பிட வை.

பூசணிக்கு என் வாழ்த்தைச் சொல்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவள் உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

பதினான்காம் தேதி காலை எடை பார்த்தார்கள். கூடத்தில் நிற்க இடமில்லை, வெளியூர் அணிகள், நம் ஊர் ஜனம், ஒலிபெருக்கி. முதல் முறை ஏறினாள், இருநூறு கிராம் அதிகம். அரை மணி நேரம் கொடுத்தார்கள். மாஸ்டர் அவளை வெளியே கூட்டிப் போய் ஓடவிட்டார். திரும்ப ஏறினாள். நாற்பத்தாறு, புள்ளி, பூஜ்யம். தராசை விட்டு இறங்கக் காலை எடுத்தாள், அப்படியே சரிந்தாள். பக்கத்து மேசையின் விளிம்பு நெற்றியில் பட்டது. கண் மேலே செருகிவிட்டது, கை கால் வெட்டியது.

நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறேன், பின்னால் ஒலிபெருக்கியில் செயலாளர் குரல் கேட்கிறது: "ஒரு வீராங்கனைக்குக் காய்ச்சல். பதற்றம் வேண்டாம். அடுத்த எடைப் பிரிவினர் தயாராகவும்." போட்டி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. சாயங்காலம் வாத்தியக் கோஷ்டி ஆஸ்பத்திரி வழியாகத்தான் ஊர்வலம் போனது. நான் தைத்த மேலங்கிகளைப் போட்டுக்கொண்டு அறுபது பேரும் போனார்கள்.

சிறுநீரகம் இரண்டும் கிட்டத்தட்ட நின்றே போயிருந்ததாம். ரத்தத்தில் உப்பெல்லாம் தாறுமாறு. ஐந்து நாளாகக் குழாய் வழியாக ஏற்றுகிறார்கள். டாக்டரம்மா என்னைக் கேட்டார்: "நீங்க அம்மாதானே? பக்கத்துலதானே இருந்தீங்க?" செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. விளையாட்டுச் சங்கத்துக்குப் புகார் எழுதியே தீருவேன் என்று சொல்லிவிட்டார்.

அது தெரிந்ததும் செயலாளர் பழக்கூடையோடு வந்தார். கூடைக்கு அடியில் ஒரு தாள். முந்தின நாளே இவளுக்குக் காய்ச்சல் இருந்தது, அதைக் குழுவிடம் மறைத்துவிட்டோம் என்று நான் எழுதித் தருவதாக, அவரே அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறார். "ஊர் பேரு கெட்டா மறுபடி நமக்குப் போட்டி தர மாட்டாங்கம்மா. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க." பழக்கூடையை வராந்தாவில் கவிழ்த்தேன். ஆரஞ்சுகள் படிக்கட்டில் உருண்டு போனதை நர்சுகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தாளை விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கையெழுத்துப் போட மாட்டேன்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அவள் சாப்பிடுகிறாளா? சிறுநீர் சரியாகப் போகிறதா? என்ன நிறம்? கால் வீக்கம் இருக்கிறதா? காலையில் கண்ணுக்குக் கீழே வீங்குகிறதா என்று பார். தயவுசெய்து எழுது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடு. விசாரணை என்று வந்தால் கண்டதையும் கிளறுவார்கள். யார் சொன்னது, யார் எழுதியது என்று போகும். பிள்ளையைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்கள். கூடத்தைப் பூட்டிவிடுவார்கள், மற்றப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? நீ அந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும். அவள் பிழைத்துவிட்டாள். அதோடு விடு.

நான் நன்றாக இருக்கிறேன்.

தம்பி


மே 14

உனக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அவள் பயிற்சிப் பையைத் துவைக்க எடுத்தேன். அடிப்பக்கத் துணி இரண்டு இடத்தில் பிரிந்து, கோணல் மாணலாகத் தைத்திருந்தது. தையல்காரி வீட்டில் இப்படி ஒரு தையலா என்று பிரித்தேன். உள்ளே உன் கடிதம் நாலு. பயிற்சிக்கூட முகவரிக்கு.

உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஸ்லேட்டில் உன் கையைப் பிடித்து எழுதப் பழக்கியவள் நான்.

"மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடு." "கடைசி இரண்டு நாள் வாயை நனைத்துத் துப்பு, விழுங்காதே." "தலை சுற்றினால் உட்கார், யாரிடமும் சொல்லாதே." "அம்மாவுக்கு இது புரியாது. அவளைச் சமாளிக்க நான் இருக்கிறேன்."

சமாளித்தாய். நன்றாகவே சமாளித்தாய். நிறுத்தவா என்று உன் காலில் விழாத குறையாகக் கேட்டேனே, அப்போது உன் கை எந்த மையைத் தொட்டு "பல்லைக் கடித்துக்கொள்" என்று எழுதியது? கையெழுத்துப் போடு, போடு என்று ஏன் துடித்தாய் என்று இப்போது தெரிகிறது. ஊர் மானமா, உன் மானமா?

அவளிடம் கேட்டேன். "நான்தான் மாமாவுக்கு முதல்ல எழுதினேன், அவரைத் திட்டாதே" என்று உன்னைக் காப்பாற்றுகிறாள். பன்னிரண்டு படி ஏறினால் மூச்சு வாங்குகிற பெண், உனக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறாள். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஜூன் பத்தாம் தேதி சங்கத்தின் விசாரணை. உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் அதற்குள் சொல். "நன்றாக இருக்கிறேன்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.


மே 29

அக்கா,

நான் நன்றாக இல்லை.

பதக்கம் வாங்கி வந்த வாரம் நான் படுத்த படுக்கையாகக் கிடந்தேனே, நீ பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நெற்றியில் ஈரத்துணி போட்டாயே, அது காய்ச்சல் இல்லை. கடைசிச் சண்டை முடிந்து உடை மாற்றும் அறையில் விழுந்தேன். பூசணிக்கு வந்த அதே வலிப்பு. நம் கூடத்தின் அன்றைய செயலாளர் ஒரு தாள் கொண்டுவந்தார், அப்பா கையெழுத்துப் போட்டார். அதில் என்ன எழுதியிருந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊர் எனக்கு மாலை போட்டது. யாரிடமும் சொல்லாதே என்றார் அப்பா. இருபது வருடம் சொல்லவில்லை.

நாலு வருடமாக ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். ஒரு சிறுநீரகம் செத்துவிட்டது, இன்னொன்று பாதி. முதலாளி விடுமுறை தருகிறான். எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்கே செலவழித்துவிடுகிறேன். வீங்கின முகத்தோடு உன் முன்னால் வந்து நின்றால் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் வரவில்லை.

தெரிந்தும் ஏன் அவளுக்கு எழுதினாய் என்று கேட்பாய். "மாமா, நீங்க எப்படி இறங்கினீங்க?" என்று கேட்டு எழுதியிருந்தாள். செய்யாதே என்று எழுத உட்கார்ந்தேன். அதை எழுதினால், ஒரு தகரப் பதக்கத்துக்காக என் உடம்பை அழித்தேன் என்றும் எழுதியாக வேண்டும். எழுத முடியவில்லை. அவள் ஜெயித்துவிட்டால் நான் செய்ததும் சரி என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். இதைவிடக் கேவலமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த நாலு கடிதத்தையும் விசாரணையில் கொடு. இதையும் கொடு.

தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

கொடுத்தேன். கொடுத்ததோடு விடாமல் ஐந்தையும் உரக்கப் படித்தேன். கடைசிக் கடிதத்தில் நடுவே குரல் உடைந்தது, டாக்டரம்மா வாங்கி மீதியைப் படித்தார்.

விசாரணையை நம் கூடத்திலேயே வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. செயலாளர் எழுந்து, "சொந்தத் தம்பி பேரையே சந்தி சிரிக்க வைக்கிறியேம்மா" என்றார். "தம்பியும் என்னோடது, பேரும் என்னோடது, உங்களுக்கு என்ன?" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தி "பெத்தவளுக்குத் தெரியாம எது நடக்கும்?" என்று சத்தம் போட்டாள். மாஸ்டர் மட்டும் தலையைத் தூக்கவில்லை. இரண்டு நாளாகக் கடைக்கு ஒரு துணி வரவில்லை. இறைச்சிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறார். ஐந்து வருடத்துக்கு இந்த ஊருக்குப் போட்டி கிடையாது என்று சங்கம் எழுதப் போகிறதாம். எழுதட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. உனக்காக அழுதேன், அழுதபடியே திட்டினேன். அப்பாவையும் திட்டினேன், போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். உன் ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து அனுப்பு. அவளுடைய டாக்டரம்மா பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இனி உன் வாயால் சொல்லும் நலத்தை நான் நம்பப் போவதில்லை.

அவள் ஐம்பத்தொரு கிலோ இருக்கிறாள். ஒரு சிறுநீரகத்துக்கு இன்னும் மருந்து. அவளிடம் விசாரணை அதிகாரி நிதானமாகத்தான் கேட்டார், "யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?" என்று.

"இல்ல சார். யாரும் கட்டாயப்படுத்தல. குறையக் குறைய எல்லாரும் கை தட்டினாங்க."

"எல்லாரும்னா யாரு?"

எழுந்து நின்று ஒவ்வொருவராகக் காட்டினாள். செயலாளரை, மாஸ்டரை, இறைச்சிக் கடைக்காரரை, வாத்தியாரை. கடைசியாக என்னைக் காட்டினாள்.

பொய் இல்லை, தம்பி. அன்றைக்குத் தராசில் நாற்பத்தாறு என்று வந்ததும் கூடமே தட்டியது, நானும் தட்டினேன். அவள் சரிந்தபோது என் இரண்டு கையும் சேர்ந்திருந்தன, தாங்கிப் பிடிக்க ஒரு கை மிச்சமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து உனக்கு எல்லாவற்றையும் எழுதியவள், அதை மட்டும் எழுதாமல் விட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா